இரண்டு சங்கிலியும் அறுந்த பிறகு

அட்டுவம்பட்டி வீட்டின் முன்னறையில் அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிற்பாடு, அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள்கூட நேரில் கேட்டதுபோலப் பேசினார்கள். மிஷன் பள்ளி விடுதியில் முப்பத்திரண்டு வருஷம் வார்டனாக இருந்து ஓய்வு பெற்ற கித்தேரியம்மாள், வயது எழுபத்தொன்று. அவருடைய தம்பி மகள் ஆக்ஸிலியா. பண்ணைக்காட்டிலிருந்து ஜீப்பில் வந்திருந்த காப்பித்தோட்டக்காரர் டெனிஸ், அவர் மனைவி அமலோற்பவம். உள்ளறையில், சாத்திய கதவுக்குப் பின்னால், பெண்ணின் தகப்பன் அருளப்பன். ஐந்து பேர். டெனிஸின் மகன் எல்வினுக்குத்தான் ஆக்ஸிலியாவைப் பேசியிருந்தது. ஆனால் ஓலை கொடுக்கத் தேதி குறிக்கிற அன்று மாப்பிள்ளை வருவது வழக்கமில்லை, அவன் வரவில்லை.

ஓலை என்பது கோயிலில் மூன்று ஞாயிறு தொடர்ந்து வாசிக்கும் கல்யாண அறிவிப்பு. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம். தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று முடியும். அந்தக் கடைசி வாக்கியத்தை நினைத்துத்தான் கித்தேரியம்மாளுக்கு ஒரு மாதமாகத் தூக்கம் கெட்டிருந்தது.

தொலைபேசி அடித்தது. செல்போன் அல்ல. மேகம் இறங்கிவிட்டால் அந்த வீட்டில் செல்போனுக்கு உயிர் இருக்காது. அதனால் முன்னறை மூலையில் வயர் வைத்த பழைய போனையே அவர் இன்னும் வைத்திருந்தார். வயர் இரண்டு முழம். அதைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்ப் பேச வழியில்லை.

"அலோ… ஆமா… கித்தேரியம்மாதான் பேசுறேன்… யாரு? இரையுது, கொஞ்சம் ஒரக்கப் பேசுங்க… ஓ, சிஸ்டரா… தோத்திரம் சிஸ்டர்."

வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு விருந்தாளிகள் பக்கம் திரும்பினார்.

"கான்வென்ட்டுலேருந்து, சம்பந்தி. ரெண்டு நிமிஷம். காப்பியக் குடிங்க, ஆறுது."

கான்வென்ட் அல்ல. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவு நர்ஸ் ஹெப்சிபா. ஒன்றே கால் வருஷத்துக்கு முன்னால் அருளப்பனுக்கு ஒரு கிட்னியை எடுத்தார்கள். கல் என்று ஊருக்குச் சொன்னார் கித்தேரியம்மாள். பெற்ற மகளுக்கும் அதையேதான் சொன்னார். அப்புறம் அந்த நோய் நுரையீரலில் தலைகாட்டியது. இப்போது இரண்டு மருந்தைச் சேர்த்து ஏற்றுகிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அக்காவும் தம்பியும் விடியுமுன் பஸ் ஏறி மதுரைக்குப் போய்வருவார்கள். கல் மறுபடி வராமல் இருக்க ஊசி என்று அதற்கும் ஒரு பெயர் வைத்தாயிற்று. வாரா வாரம் நர்ஸ் போன் செய்து விசாரிப்பாள். வீட்டாள் என்று ஆஸ்பத்திரித் தாளில் இருந்தது கித்தேரியம்மாளின் பெயர் ஒன்றுதான்.

"ம்… சொல்லுங்க… அதெல்லாம் இல்ல… அதுவும் இல்ல… இல்ல… அந்த மாதிரி எதுவும் இல்ல. வாராவாரம் நீங்க கேக்குறதும் நான் இல்லங்குறதும் செபமாலை மாதிரில ஆயிப்போச்சு… ஆமா, ரெண்டாந் தடவ ஆயி இருவது நாளாச்சு… நாளைக்குத்தான் மூணாவது. வெள்ளனே பொறப்பட்டு வந்துருவோம்… என்னது?… எதுக்கு வேண்டாம்?… யாரு சொன்னா?"

அமலோற்பவம் முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினாள்.

"காலையிலயா… இந்த வீட்டுலேருந்தா?… பொம்பளப் புள்ளையா பேசுச்சு?… அப்படி யாரும் இங்க… எந்தக் கார்டு?… மஞ்சக் கார்டா…"

கித்தேரியம்மாளின் கண் மெல்லத் திரும்பியது. ஆக்ஸிலியா அடுப்படி வாசலில் காப்பித் தட்டோடு நின்றாள். தலையைக் குனியவில்லை. அத்தையை நேராகப் பார்த்தாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த மஞ்சள் அட்டையில் இரண்டு மருந்தின் பெயரும் ஆஸ்பத்திரி நம்பரும் இருக்கும். எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும், எந்த ஊரில் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்ட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லித் தந்திருந்தார்கள். சலவைக்கு எடுக்கிறவள் பார்த்துவிட்டால் என்னாவது? கித்தேரியம்மாள் அதைத் தம்பியின் பையிலிருந்து உருவித் தன் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்தார். இன்று விருந்துக்கு அத்தை சேலையைக் கட்டிக்கொள்ளலாம் என்று பீரோவைத் திறந்திருக்கிறாள் பெண்; அட்டையிலிருந்த நம்பருக்குப் பேசியும் இருக்கிறாள். இப்போதும் அதே அரக்குச் சேலையில்தான் நின்றாள்.

"சரி… சரி சிஸ்டர், அது சின்னப் புள்ள, பதறிப்போய்ப் பேசியிருக்கும். வீட்டுல விருந்தாளுங்க இருக்காங்க. நாலு மணிக்கு நானே கூப்பிடுறேன்… மூணு மணிக்கு… சொன்னாக் கேளுங்க… வைக்கக் கூடாதா? எதுக்கு வைக்கக் கூடாது?"

எண்பது பெண்பிள்ளைகளை ஒற்றை மணியால் எழுப்பிப் படுக்கவைத்த ஆள். அவரிடம் போனை வைக்காதே என்று அதட்ட இந்த மலையில் யாரும் இருந்ததில்லை. அதட்டினது ஒரு இளம் நர்ஸ். கித்தேரியம்மாள் வைக்கவில்லை.

"ம்… கேளுங்க… இமையா? ஆமா… கொஞ்சம் எறங்கித்தான் கெடக்கு… ரெண்டும்… சாயங்காலமானா ஜாஸ்தி… ஒரு ரெண்டு வாரமா… ஒண்ணு ரெண்டாத் தெரியுதுன்னு சொல்றான்தான். நான் கண்ணாடிய மாத்தணும்னு நெனச்சேன்… நடையா… நட…"

டெனிஸ் டம்ளரைக் கீழே வைத்தார். அது கல் ஆபரேஷன் ஆனவனைப் பற்றிய பேச்சாக அவர் காதில் விழவில்லை. கான்வென்ட் பேச்சாகவும் விழவில்லை. ஆனால் பண்ணைக்காட்டுக்காரர்கள் பிறத்தியார் வீட்டுப் போனைக் கேட்கிற வழக்கம் தங்களுக்கு இல்லை என்று காட்டிக்கொள்வார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியாத மேகத்தைக் கவனமாகப் பார்த்தார்.

"நட… கொஞ்சம் தள்ளாடுது."

அதை மிகவும் தணிந்த குரலில் சொன்னார்.

"பேச்சா?… சிஸ்டர், அது வேற விஷயம்… இல்ல, அது உங்க வைத்தியத்துக்குள்ள வராது… குடும்ப விஷயம். அத எப்படி நான் போன்ல… ஆமா. நாக்கு கொழறுது… கொழறத்தான் செய்யுது…"

போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு பூசையில் அருளப்பன் வாசகம் வாசிக்க எழுந்தார். இருபது வருஷமாக அந்தக் கோயிலில் அவர் குரல்தான். அன்றைக்கு வாசகப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முதல் மூன்று வரி சரியாக வந்தது. நாலாவது வரியில் சொற்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன. இமை பாதி மூடியிருந்தது, தலை முன்னால் தொங்கியது. பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். பூசை முடிவதற்குள், அருளப்பன் காலையிலேயே ஊற்றிக்கொண்டு பீடம் ஏறிவிட்டான் என்ற பேச்சு பெருமாள்மலை டீக்கடை வரைக்கும் இறங்கிவிட்டது.

ஊர் சொன்னதை உடனே நம்பியது கித்தேரியம்மாள்தான். காரணம் இருந்தது. அவர் தகப்பன் குடித்தே செத்தவர். பெரியகோயில் திருவிழாவில் தேர் வரும் பாதையில் வேட்டியில்லாமல் விழுந்து கிடந்த மனிதரை, பன்னிரண்டு வயதில் தன் தாவணியால் மூடி இழுத்துவந்தவர் அவர். அன்றிலிருந்து இன்றுவரை அந்த வீட்டுப் பெயரைக் கழுவித் துடைத்து வெயிலில் காயப்போட்டவர். தகப்பனின் நாக்கு எப்படிக் குழறும், இமை எப்படி இறங்கும் என்று அவருக்குத் தெரியும். அதே இமையை, அதே நாக்கைத் தம்பியிடம் பார்த்தபோது வேறு எதையும் நினைக்க அவருக்குத் தோன்றவில்லை. மறுநாளே உபதேசியாரிடம் போய், வாசகர் பட்டியலிலிருந்து தம்பி பெயரை எடுத்துவிடுங்கள், மன்னியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சந்தேகமாக இருந்தவர்களுக்கும் அதோடு சந்தேகம் தீர்ந்தது.

இப்போது போனின் வாயை உதட்டோடு ஒட்டிவைத்துக்கொண்டு சொன்னார்.

"குடிக்கிறான் சிஸ்டர்… ஆமா… அதான் ஒங்ககிட்ட சொல்லல. எந்த மொகத்த வச்சுக்கிட்டுச் சொல்ல? மொத நாளு பெரிய டாக்டர் கேட்டப்ப, எங்க குடும்பத்துல அந்தப் பழக்கம் கெடையாதுன்னு நெஞ்சுல கை வச்சுச் சொன்னவ நான்… பாத்தேனாவா? பாக்கல… வாடை… வாடைன்னு ஒண்ணும் வரல… பாட்டிலும் இல்ல. பொட்டி, பரண், மெத்தை எல்லாம் கொட்டித் தேடிட்டேன்… எங்கயாச்சும் ஒளிச்சு வச்சுக் குடிப்பான், அவனுக்கு யாரு வாங்கிக் குடுக்குறதோ… யாரும் வாரதில்ல. கதவ நாந்தான வெளிய பூட்டுறேன்… ஒம்போது நாளா… சோறு, தண்ணி, வெளிக்கிப் போறது எல்லாத்துக்கும் நானே கூட இருந்து…"

நின்றார்.

"…ஒம்போது நாளா பூட்டித்தான் கெடக்கு."

கூரைத் தகரத்தில் தூறல் விழும் சத்தம் கேட்டது.

"அப்ப எப்படி சிஸ்டர்? ஒரு சொட்டு உள்ள போக வழியில்ல. நாளுக்கு நாள் ஜாஸ்தியால்ல கொழறுது."

மதுரை டாக்டர் முதல் நாள் ஒரு கதை சொல்லியிருந்தார். தோட்டத்துக் காவலுக்கு நாய் இருக்கிற மாதிரி நம் உடம்புக்குள்ளும் காவல் உண்டு. இந்த நோய் பொல்லாத திருடன். நாயை அடித்துக் கொல்லாமல் சங்கிலி போட்டுக் கட்டிவைத்துவிட்டுத் தோட்டத்தில் படுத்திருக்கிறது. ஒரு சங்கிலியை அறுத்தால் இன்னொரு சங்கிலியில் நிறுத்திவைக்கும். அதனால் இரண்டு மருந்து, ஒன்று ஒரு சங்கிலிக்கு, மற்றது அடுத்ததற்கு. இரண்டும் அறுந்தால் நாய் திருடனைக் குதறிவிடும். ஆனால் அம்மா, அவிழ்த்துவிட்ட நாய் சில வீட்டில் வீட்டாளையே கடிக்கும். எங்கே கடிக்கும் என்று சொல்ல முடியாது. சின்னக் கீறலாக இருந்தாலும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கித்தேரியம்மாள் கீறலைத் தேடிக்கொண்டுதான் இருந்தார். தோலில் தேடினார், கக்கூஸில் தேடினார், காய்ச்சல் குச்சியில் தேடினார். தம்பியின் நாக்கில் அவர் பார்த்தது தகப்பனைத்தான்.

"ம்… ம்… தசையவா?… இமையும் தசைதானா… நாக்கு, தொண்டை… ம்… மூச்சு விடுறதுக்கும் தசைதானா?… ஹார்ட்டும்…? அதுவும் தசையா சிஸ்டர்? இதெல்லாம் யாரு எங்ககிட்ட… இல்ல. சொன்னீங்க. சொல்லத்தான் செஞ்சீங்க. நான்தான்… சரி, கேளுங்க. என்ன பாக்கணும்? சொல்லுங்க, பாக்குறேன்."

அதற்குப் பிறகு குரலைத் தணிக்க அவர் மறந்துபோனார்.

"உக்கார வச்சு… ஒரே மூச்சுல… ஒண்ணுலேருந்து இருபது வரைக்கும்… சரி. இருங்க. ஏ ஆக்ஸி! இந்தா, பிடி!"

இடுப்பிலிருந்து சாவியை உருவி எறிந்தார். அது டெனிஸின் காலடியைத் தாண்டிச் சிமெண்டுத் தரையில் வழுக்கிக்கொண்டு போனது. கதவுத் திரையை ஆக்ஸிலியா விலக்கியபோது நாதாங்கியில் தொங்கிய பூட்டை விருந்தாளிகள் இருவரும் பார்த்தார்கள். மூக்குப்பொடி டப்பா அளவு சின்னப் பூட்டு. பெண்ணின் தகப்பனை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுத்தான் முன்னறையில் முறுக்கும் காப்பியும் நடந்திருக்கிறது. அமலோற்பவம் புருஷனைப் பார்த்தாள். புருஷன் அவளைப் பார்க்கவில்லை.

"ஆக்ஸி, அப்பாவ நிமித்தி உக்காரவை. சாய்க்காத… தலகாணிய முதுகுக்குக் குடு. ஏலே அருளு! அக்கா பேசுறேன். நல்லா மூச்ச இழுத்து, ஒண்ணு ரெண்டு சொல்லு. விடாம, ஒரே மூச்சுல. ஸ்கூல்ல மாதிரி. எங்க, சொல்லு… சத்தமா…"

உள்ளேயிருந்து குரல் வந்தது. மூக்கால் பேசுகிறவன் குரல்போல இருந்தது. வாசகம் வாசித்த குரல் அது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

"சொல்றான் சிஸ்டர்… ஒண்ணு… ரெண்டு… மூணு… நாலு… அஞ்சு…"

போனைப் பிடித்திருந்த விரல்களில் இரத்தமில்லை.

"ஆறு… ஏழு… ம்… ஏழு… ஏழோட நின்னுட்டான் சிஸ்டர். எட்டு வரல."

"அலோ?… இருக்கேன்… இருக்கேன், சொல்லுங்க… ஒதடு நீலமா இருக்கா? ஏ ஆக்ஸி, ஒதட்டப் பாரு! வெளக்கப் போட்டுப் பாரு!… வெளுத்து இருக்காம்… ராத்திரி படுக்க முடியலன்னு ரெண்டு நாளா உக்காந்தே தூங்குறான், ஆமா… குடிச்சா இருமுறான். தண்ணி மூக்கு வழியா வருது… நேத்துலேருந்து… அது வந்து… ஏத்தா! ஏ அமலோற்பவம்! வை அதக் கீழ!"

கத்தல். தட்டிலிருந்த ஒரு காப்பியை எடுத்துக்கொண்டு அமலோற்பவம் உள்ளறைக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். நோயாளிக்குத் தொண்டையை நனைக்கலாமே என்ற நல்லெண்ணம். சம்பந்தியம்மாளைப் பெயர் சொல்லி, ஏத்தா என்று, எல்லார் முன்னாலும் விரட்டியது அந்தக் கல்யாணப் பேச்சில் நடந்திருக்கக் கூடாத காரியம். அவள் அப்படியே நின்றாள்.

"குடுக்காத! வாய்க்குள்ள எதுவும் போகக்கூடாதாம். மூச்சுக்கொழலுக்குள்ள போயிரும்… ஆமா சிஸ்டர், குடுக்கல. நிப்பாட்டிட்டேன். ஒரு சொட்டும் குடுக்கல… ம். இப்ப நான் என்ன செய்ய? மதுரைக்கு ஏத்திருவா?… மூணு மணி நேரம் ஆகும், ஞாயித்துக்கெழம, வெள்ளியருவிப் பக்கம் டூரிஸ்ட் வண்டி அடைச்சுக் கெடக்கும்… அவ்வளவு தூரம் தாங்காதா?"

தாங்காதா என்று கேட்டபோது அவர் நின்ற நிலையில் ஒரு மாற்றமும் இல்லை. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

"மொதல்ல இங்க டவுன்ல… சரி… ஆக்சிஜன்… சரி… இருங்க, எழுதிக்கிறேன்."

எழுதக் காகிதம் தேடினார். போன் பக்கத்தில் இருந்தது ஒரே தாள். உபதேசியாரிடம் கொடுப்பதற்காக அவரே முத்து முத்தாக எழுதிவைத்திருந்த ஓலை: அட்டுவம்பட்டி அருளப்பன் மகள் ஆக்ஸிலியாவுக்கும், பண்ணைக்காடு டெனிஸ் மகன் எல்வினுக்கும். அதைத் திருப்பிப்போட்டார்.

"சொல்லுங்க… ஸ்டீராய்டு… பேரு என்ன? எழுத்து எழுத்தாச் சொல்லுங்க… ஒரு கிராம்… நரம்புல… ஒடனே… ஈசிஜி… ஹார்ட்டுக்கு ரத்த டெஸ்ட்டு… ஆம்புலன்ஸ் மதுரையிலேருந்து மேல வரும்… மூச்சு மிஷின் வச்ச வண்டி… எழுதிட்டேன். ரெண்டு மருந்தையும் நிறுத்திட்டீங்க… எப்பவுமே இல்லையா? அப்ப அந்த நுரையீரல்ல இருக்குறது… சரி. சரி. அத அப்புறம் பாக்கலாம். சரிங்க."

திரும்பினார். அதுவரை விருந்தாளிகள் கேட்டதெல்லாம் பாதிப் பேச்சு. மறு பாதியை அவர்கள் தங்களுக்குள் என்னவாகப் பூர்த்தி செய்துகொண்டார்களோ தெரியாது. கித்தேரியம்மாள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு முதுகை நிமிர்த்தினார்.

"சம்பந்தி, எந்திரிங்க. ஜீப்ப வாசலுக்குக் கொண்டாங்க. அருளப்பன டவுன் ஆஸ்பத்திரிக்கு வெரசா கொண்டுபோகணும். அவனுக்குக் கல்லு இல்ல. கேன்சரு. ஒன்னேகால் வருசமா. மறைச்சது நான். அவன் இல்ல. இந்தப் புள்ளைக்கும் இன்னைக்குக் காலையில வரைக்கும் தெரியாது. ஓலைய நிறுத்தணும்னா நாளைக்கு நிறுத்திக்கோங்க, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். இப்ப வண்டிய எடுங்க."

டெனிஸ் எழுந்தார். மேல்துண்டைத் தோளிலிருந்து எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டினார். காப்பி மூட்டை தூக்கப் போகிறவர்போல உள்ளறைக்குள் போய், அருளப்பனை உட்கார்ந்த வாக்கிலேயே இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வெளியே வந்தார். அருளப்பனின் தலை அவர் தோளில் கிடந்தது. இமை திறக்காவிட்டாலும் அக்காள் நிற்கிற இடம் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தாண்டும்போது வாய் அசைந்தது. என்ன சொன்னான் என்று கித்தேரியம்மாளுக்குப் புரியவில்லை. குழறல்தான் கேட்டது.

"பேசாத. பேசாதலே. மூச்ச மிச்சம் வை… ஆக்ஸி, நீ பின்னால ஏறி அப்பாவ நிமித்திப் பிடி. போர்வைய எடுத்துக்கோ. அந்த மஞ்சக் கார்டு எங்க?… கையில பிடிச்சிருக்கியா? மொத ஆளா பாக்குறவங்ககிட்ட அத நீட்டு. அத்தை சொன்னா, ஆட்டுக்குட்டி சொன்னான்னு நிக்காத, நீட்டு."

ஆக்ஸிலியா அட்டையைக் காட்டினாள். போகிறபோது வாசற்படியில் ஒரு கணம் நின்றாள். பிறகு இறங்கிப் போனாள். அமலோற்பவம் கையிலிருந்த காப்பியை ஜன்னல் விளிம்பில் வைத்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள், தன் சால்வையை எடுத்துக்கொண்டு அவளும் இறங்கினாள். ஏறத்தான் இறங்கினாளா, மழைக்கு ஒதுங்கி நின்றாளா என்று மேகத்தில் தெரியவில்லை.

"அலோ, சிஸ்டர்… ஏத்தியாச்சு. பத்து பதினஞ்சு நிமிசத்துல அங்க இருப்பாங்க… நானா? நான் பின்னால ஆட்டோ பிடிச்சு வாரேன். நீங்க போன வைக்காதீங்கன்னு சொன்னீங்களே… யாரையா?… இங்க டவுன் ஆஸ்பத்திரி டூட்டி டாக்டரையா… என் லைன்லயே சேத்துக் குடுக்க முடியுமா? குடுங்க. இருக்கேன்."

ஜீப் உறுமிக்கொண்டு கிளம்பியது. இரண்டாவது வளைவுக்குள் அதன் சத்தம் அமுங்கிப்போனது. முன்னறையில் இப்போது கித்தேரியம்மாளும் ஆறிப்போன மூன்று காப்பியும் மட்டும். உள்ளறைக் கதவு திறந்து கிடந்தது. கட்டில் விரிப்பில் தம்பி ஒன்பது நாள் உட்கார்ந்த பள்ளம். ஒவ்வொரு நாளும் அந்த வாசலில் நின்று, அப்பன் புத்தி உனக்கும் வந்துருச்சேடா என்று சொல்லிவிட்டுப் பூட்டியிருக்கிறார். அவன் மறுத்துப் பேச வாயெடுக்கும்போதெல்லாம் நாக்கு குழறியது. குழறுவதையே அவர் சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

பூட்டுவதற்கு முந்தின நாள் அவன் பெருமாள்மலை பஸ் ஸ்டாப்பில் விழுந்தபோது பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே டாக்டர் கேட்டார்: குடிப்பாரா? கித்தேரியம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். பதில் சொல்லவில்லை. குடிப்பழக்கம் என்று டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டார்.

"அலோ… ஆமா… டாக்டருங்களா? அட்டுவம்பட்டியிலேருந்து பேசுறேன்… ஆமா, இப்ப வருவாங்க, ஜீப்புல… அருளப்பன். அம்பத்தொம்பது வயசு… மிஷன் ஸ்கூல்ல ஸ்டோர் கீப்பரா இருந்தவன்… ஆமா, கோயில்ல வாசகம் வாசிப்பான். அவன்தான்… நீங்களும் நம்ம கோயிலா?… சந்தோசம்… என்னது?"

குரல் மாறியது.

"இன்னொரு தடவ சொல்லுங்க… என்ன கேஸுன்னீங்க?… டிரிப்பு போட்டுத் தூங்க வச்சாத் தெளிஞ்சிருமா?… இல்ல டாக்டர், நீங்க நிறுத்துங்க. நான் பேசுறேன்… சிஸ்டர் பேசுறதும் கேக்குது, சிஸ்டர், நீங்களும் நிறுத்துங்க. நான்தான் சொல்லணும்… ஊரே சொல்லுதா? ஊரு எங்கேருந்து தெரிஞ்சுக்கிச்சு? உபதேசியார் வீட்டுல போய்ச் சொன்னவ நான். கிளினிக்குல வாயத் தொறக்காம நின்னவ நான். அந்தச் சீட்டு இருந்தா அடிச்சுப்போடுங்க… கேளுங்க. பேனா இருக்கா?… எடுங்க. அருளப்பனுக்கு கிட்னி கேன்சரு. ரெண்டு மருந்து சேத்து ஏத்தியிருக்கு, கடைசியா ஏத்தி இருவது நாள். அது இப்ப அவன் தசையவும் ஹார்ட்டையும் தின்னுது. ஒரு மூச்சுல ஏழு வரைக்கும்தான் எண்றான். ஸ்டீராய்டு ஒரு கிராம், வந்து எறங்குன ஒடனே. தூக்க ஊசி போட்றாதீங்க. மல்லாக்கப் படுக்க வைக்காதீங்க… எழுதுனீங்களா?… நான் அவன் அக்கா. அவன எடுத்து வளத்தவ. எங்க அப்பா குடிச்சாரு, அது உண்மை, அத யாரு வேணா பேசட்டும்… இருங்க, இன்னும் முடியல…"

காதில் இரைச்சல் ஏறியது. வெளியே மேகம் ஜன்னல் கம்பி வரைக்கும் வந்துவிட்டிருந்தது.

"அலோ… கேக்குதா?… அலோ, டாக்டர்… வச்சுட்டீங்களா?… சிஸ்டர்?… அலோ…"

இரைச்சலும் நின்றது. லைன் செத்துப்போன போனை அவர் கீழே வைக்கவில்லை.

"அவன் குடிக்கல."